டெல்பர்ட் வாயை மூடிய கோடை

டெல்பர்ட் சிம்ஸுக்கு வாய் ஓயவே ஓயாது. ஈரி ஏரிக்கரையில் எங்கள் ஊரான போர்ட் டால்மோரில் அவனைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். தபால் தலை வாங்கப் போனால் அரை மணி நேரம் ஆகும். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஏரியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கு நாங்கள் சொன்ன காரணமும் அதுதான். அவ்வளவு பேச்சை எந்தப் பெண் தாங்குவாள்? அப்படிப்பட்டவன் ஒரு கோடை முழுக்க என் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். அதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

என் தம்பி பெயர் லோர்ன். அவனும் டெல்பர்ட்டும் ஒரே வருஷம், ஒரே தெருவில் பிறந்தவர்கள். எங்கள் அப்பாவும் டெல்பர்ட்டின் அப்பாவும் ஈரி ஏரியில் ஒரே படகில் மீன் பிடித்தார்கள். நான் இவர்கள் இருவருக்கும் மூத்தவள். மேவிஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆனாலும் என்னிடம் கொஞ்சம் பயம் உண்டு. படகுத்துறையில் வலை காயப்போடும் இடத்தில் இரண்டு பேரும் பேஸ்பால் ஆடுவார்கள். லோர்ன் பந்து வீசுவான். அடிக்க நிற்பவனுக்குப் பின்னால் டெல்பர்ட் குந்தி உட்கார்ந்து பிடிப்பான். ஒருவன் பிட்சர், ஒருவன் கேட்சர். வளர்ந்த பிறகும் அதையேதான் செய்தார்கள்.

கேட்சர் வேலையில் பேச்சும் ஒரு பகுதி. அடிக்க வந்து நிற்பவனின் கவனத்தைக் கலைக்க வேண்டும். டெல்பர்ட்டுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னப்பா, வீட்ல அடுப்ப அணைச்சிட்டுத்தானே வந்தே? நான் வர்ற வழியில உங்க தெருப் பக்கம் புகை மாதிரி தெரிஞ்சுதே" என்பான். நிற்பவன் ஒரு கணம் யோசிப்பான். அதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கும்.

நடுவரையும் விடமாட்டான். "ஐயா, கண்ணெல்லாம் எப்படி இருக்கு? எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

ஒருமுறை நடுவர் பொறுக்க முடியாமல் அவனை மைதானத்தை விட்டே துரத்தினார். டெல்பர்ட் வெளியே போய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு விட்ட இடத்திலிருந்து பேசினான்.

வாலிப வயதில் இருவரையும் பிரெஞ்சு பேசும் க்யூபெக்கில் ஒரு பஞ்சாலை ஊரின் அணி சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. இருவருக்கும் பிரெஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியாது. டெல்பர்ட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன் ஆங்கிலத்தில் பேசினான், அவர்கள் பிரெஞ்சில் பதில் சொன்னார்கள், யாருக்கும் குறையில்லை. ஓட்டை பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். பந்து பட்டுப் பட்டு டெல்பர்ட்டின் வலது கை விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. காப்பிக் கோப்பையை இன்றைக்கும் அவன் இரண்டு கையாலும்தான் பிடிக்கிறான்.

அங்கே நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எதிரணியில் ஒருவனுக்குக்கூட உருப்படியாக ஒரு அடி கிடைக்காமல் ஒரு பிட்சர் வீசிக்கொண்டே போகிறான் என்று வையுங்கள். அவன் அணியில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காரக்கூடாது, அவன் முகத்தைப் பார்க்கக்கூடாது. பேச்செடுத்தால் கண் பட்டுவிடும், அடுத்த பந்தே அடிபடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பெரிய அணிக்காரர்கள் வரை இதை மீறமாட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். ஒன்பதும் அப்படியே முடிந்தால் ஆளைத் தோளில் தூக்குவார்கள். நடுவில் அடி விழுந்துவிட்டால், அப்போதும் பக்கத்தில் வந்து தோளைத் தட்டுவார்கள். எப்படியானாலும் முடிந்த பிறகுதான் பேச்சு.

அன்றைக்கு லோர்ன் எட்டு இன்னிங்ஸ் அப்படி வீசியிருந்தான். அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய அணியின் ஆள் அவனைப் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் ஒரு மூலையில் லோர்ன் தனியாக இருந்தான். மற்றவர்கள் எல்லோரும் மறு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். டெல்பர்ட் எழுந்து போய் என் தம்பியை ஒட்டி உட்கார்ந்தான்.

"இன்னும் மூணே பேர்தான்டா. முடிச்சிட்டுப் போய் பீர் அடிக்கலாம்."

பெஞ்சு முழுக்க அவனை முறைத்தது. லோர்ன் போய் முதல் இரண்டு பேரையும் வெளியேற்றினான். மூன்றாவதாக வந்தவன் அந்த அணியிலேயே சோப்ளாங்கி. அவன் மட்டை உடைந்தது. உடைந்த மட்டையில் பட்ட பந்து யாரும் இல்லாத இடத்தில் பொத்தென்று விழுந்தது. அதற்குப் பிறகு வரிசையாக அடி. ஆட்டமும் போயிற்று. அந்தப் பெரிய அணிக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வருஷம் லோர்னின் தோள் தூக்கவே வரவில்லை. அவன் ஊருக்குத் திரும்பினான். அவன் இல்லாமல் டெல்பர்ட் அங்கே ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

ஊர் விடுமா? "டெல்பர்ட், அன்னிக்கு மட்டும் நீ வாயப் பொத்திட்டு இருந்திருந்தா லோர்ன் இப்ப எங்கேயோ இருந்திருப்பான்டா" என்று நாற்பது வருஷம் சொன்னார்கள். அவனும் சிரிப்பான். "என் வாய்க்குப் பூட்டு செய்யற கம்பெனி இன்னும் பொறக்கலப்பா" என்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எதையாவது வைத்திருந்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருந்தால்தான் பேசித் தீர்த்துவிடுவானே என்று நினைத்தோம்.

லோர்ன் பள்ளிப் பேருந்து ஓட்டினான். டெல்பர்ட் ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தரையில் வெந்நீர் விட்டு வழுவழுப்பாக்கும் வண்டியை ஓட்டினான். கோடையில் இருவரும் சேர்ந்து ஊர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். என் புருஷன் போன பிறகு நான் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டேன். தினமும் சாயங்காலம் டெல்பர்ட் எங்கள் சமையலறையில் இருப்பான். அவன் பேசுவான், லோர்ன் தலையாட்டுவான், நான் இருவரையும் திட்டிக்கொண்டே காப்பி ஊற்றுவேன். மூவருக்கும் அது போதுமாக இருந்தது.

லோர்னுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது ஒவ்வொரு முறையும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவன் டெல்பர்ட்தான். லோர்னுக்கு மருந்து ஏறி முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவான். "மருந்தவிட இவன்தான்மா தலைய சுத்த வைக்கிறான்" என்று லோர்ன் நர்ஸிடம் புகார் சொல்வான். அந்தக் குளிர்காலம் முழுவதையும் டெல்பர்ட்டின் பேச்சை வைத்துத்தான் என் தம்பி கடந்தான். இதை நான் யாரிடமும் மறுக்க மாட்டேன்.

மே மாதம் டாக்டர் சொன்னார்: "இப்போ கட்டி இருக்கிற மாதிரி ஒண்ணும் தெரியல. ஒரு வருஷம் இப்படியே தாண்டிட்டா கவலையில்ல."

நான் அங்கேயே அழுதேன். லோர்ன் என் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம் டெல்பர்ட் வாய் திறக்கவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை போல என்று நினைத்தேன். வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டான், என்ஜினைக்கூட நிறுத்தவில்லை. "உள்ள வாடா" என்றான் லோர்ன். "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். பிறகு வரவில்லை.

முதல் வாரம் லோர்ன் கேலி பேசினான். "எவளோ ஒருத்தி மாட்டிட்டா போல. பாவம் அவ காது." இரண்டாவது வாரம் கேலி நின்றது. போன் செய்தால், லோர்ன் குரல் கேட்டதும் டெல்பர்ட் வைத்துவிடுவான். நான் பேசினால் மட்டும், "சாப்பிடறானா? சரி சரி" என்று துண்டித்துவிடுவான். ஊர் அணியின் ஆட்டங்கள் ஆரம்பித்தன. யாரும் லோர்னைக் கூப்பிட வரவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் கூடும் மீன் வறுவல் விருந்துக்கு ஒரு சனிக்கிழமை நானே அவனை அழைத்துக்கொண்டு போனேன். அவன் போய் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். டெல்பர்ட் பின்வாசல் வழியாகவே போய்விட்டான். லோர்ன் தட்டில் இருந்த மீனைத் தொடவில்லை. தொற்று வியாதிக்காரனை விலக்குவது மாதிரி விலக்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் போய் அவன நாலு வார்த்தை கேக்கறேன்" என்றேன்.

"போனேன்னா அப்புறம் என்கிட்ட பேசாதே" என்றான் லோர்ன். "கூப்பிட்டு வர வைக்கிற சிநேகிதம் எனக்கு வேண்டாம்."

ஆனாலும் அவன் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். சாயங்காலமானால் டெல்பர்ட்டின் வண்டி எங்கள் தெருவில் வரும். வீட்டு முன்னால் மெதுவாகும், நிற்காது. "போறான் பாரு" என்பான் லோர்ன். அதற்குப் பிறகுதான் சாப்பிட வருவான். உடம்பு தேறிக்கொண்டு வந்த அந்த மாதங்களில் அவன் மனசு நைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். டெல்பர்ட் ஒரு தடவை வந்து சமையலறையில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் மைதானத்து ஒலிபெருக்கிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. லோர்ன் திடீரென்று அந்த க்யூபெக் ஆட்டத்தைப் பற்றிப் பேசினான்.

"ஊர்ல எல்லாரும் அவன் வாயாலதான் கெட்டுச்சுன்றாங்க. ஆறாவது இன்னிங்ஸ்லயே என் தோள் போயிடுச்சு, மேவிஸ். கைய சட்டைக்குள்ள விட்டுப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். யாரும் என்னத் திரும்பிப் பாக்கல. ஏன் பாக்கலன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சாலும், என் சாவுக்கு நானே வந்து உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. அப்ப இவன் ஒருத்தன்தான் பக்கத்துல வந்தான். பீர் அடிக்கலாம்னான். அதனாலதான் எந்திரிச்சுப் போயி ரெண்டு பேரையாவது வெளியேத்தினேன்."

"இத அவன்கிட்ட சொல்லியிருக்கியா?"

"அவன் எங்க பேச விடறான்?" என்று சொல்லிவிட்டு, தன் வார்த்தையைத் தானே கேட்டவன் மாதிரி நிறுத்திக்கொண்டான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜனவரியில் கட்டி திரும்ப வந்துவிட்டது. இனிமேல் வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொன்னார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று லோர்ன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னல் பக்கமாகப் போட்டேன். எழுந்து உட்காரவே தெம்பில்லாமல் போன பிறகும், "வண்டி போச்சா?" என்று மட்டும் கேட்பான். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அப்படிக் கேட்டான். அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை. அவனுக்கு நேரம் குழம்பிவிட்டது என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். சத்தியமாவது ஒன்றாவது.

டெல்பர்ட் பனித்தரையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கதவைத் திறந்து நேராகப் பனியின் மேல் இறங்கி நடந்தேன்.

"டேய் டெல்பர்ட்! வண்டிய நிறுத்துடா!"

"மேவிஸ்! வழுக்கி விழுந்துடுவே! ஓரமாப் போ!"

"விழுந்தா விழறேன். நீ இறங்கு."

இறங்கினான். இளைத்திருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

"என் தம்பி உனக்கு என்னடா பண்ணான்? சாகக் கெடந்தப்ப கூடவே இருந்தே. பொழைச்சான்னதும் ஓடிட்டே. அவன் பொழைச்சது உனக்குப் புடிக்கலையா?"

அவன் பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கினான். "சத்தமா சொல்லாதே! அதச் சொல்லவே கூடாது."

"எத?"

"அதான்... அவன் நல்லா இருக்கறத." குரல் ரகசியமாக இறங்கிவிட்டது. "ஒரு வருஷம்னு டாக்டர் சொன்னார்ல? இன்னும் மூணே மாசம்தான். ஒரு தடவ வாயத் தொறந்து அவன் வாழ்க்கையக் கெடுத்தேன், மேவிஸ். இந்தத் தடவ தொறக்கக் கூடாதுன்னு இருக்கேன். பழைய ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். ஒருத்தனும் பக்கத்துல போகல பாத்தியா? நான் தெனமும் வண்டியில வந்து, விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

அதை அவன் பெருமையாகச் சொன்னான். கஷ்டமான ஒரு வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருப்பவனின் பெருமை அது. அறையலாம் என்று நினைத்து வந்த என் கை தொங்கிப்போயிற்று.

"ஜனவரியிலயே திரும்பி வந்துடுச்சு, டெல்பர்ட்."

வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெந்நீர் சொட்டி, பனியில் ஒரு குழி விழுந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றான். "யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லலையே, மேவிஸ்."

அறுபத்து நான்கு வயது ஆம்பிளை, திட்டு வாங்கிய குழந்தை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வந்தான்.

வீட்டுக்குள் வந்தவன் முன்னறை வாசலிலேயே நின்றான். கதவுச் சத்தத்தில் லோர்ன் கண்ணைத் திறந்தான். டெல்பர்ட்டை வெகுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்:

"அடிச்சிட்டானா?"

எனக்கு முதலில் புரியவில்லை. டெல்பர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. அடி விழுந்த பிறகுதானே பக்கத்தில் வருவார்கள். கோணல் விரல்களால் முகத்தைத் துடைத்தான்.

"ஆமாடா. அடிச்சிட்டான்."

லோர்ன் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி மெதுவாகப் போனது, போனை வைத்தது, விருந்தில் எல்லோரும் எழுந்து போனது, எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

"மடையா. ஆட்டத்துல பண்ணா சரி. என் வீட்டு சமையல்கட்டுலயாடா அதப் பண்ணுவே?"

"உனக்குக் கண் பட்டுடக் கூடாதுன்னு..."

"அன்னிக்கு அந்த பெஞ்சுல என் பக்கத்துல வந்த ஒரே ஆளு நீதான்டா. என் தோள் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. உன் வாயால இல்ல. நீ வந்து பேசலேன்னா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்."

டெல்பர்ட் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நாப்பது வருஷமா இதச் சொல்லவே இல்லையேடா."

"நீ எங்க பேச விட்டே?"

இருவரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இவ்வளவு சின்ன விஷயம். யாராவது ஒருவன் ஒரு வாக்கியம் முன்னாலேயே சொல்லியிருந்தால், அந்தக் கோடை முழுவதும் இவர்கள் என் சமையலறையில் இருந்திருப்பார்கள்.

திரும்பி வந்தபோது லோர்ன் சொல்லிக்கொண்டிருந்தான்: "கோடையில என்னென்ன நடந்துச்சு, எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணும் விடக் கூடாது."

டெல்பர்ட் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு மே மாதத்து முதல் ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தான். யார் என்ன வீசினான், யார் எங்கே தடுக்கி விழுந்தான், நடுவருக்கும் பெண்டாட்டிக்கும் என்ன சண்டை, எல்லாம். ஒரு ஆட்டத்தைச் சொல்ல ஒரு மத்தியானம் ஆயிற்று. லோர்ன் பாதியில் தூங்கிப்போவான். விழித்ததும், "எங்க விட்டே?" என்பான். டெல்பர்ட் விட்ட இடத்திலிருந்து எடுப்பான். அவன் அவசரப்படவில்லை. கதை நீளமாக இருந்தால் லோர்ன் அது முடியும் வரை இருப்பான் என்று நினைத்தான் போல. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பனி கொட்டிய ஒரு காலையில், டெல்பர்ட் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், லோர்ன் போய்விட்டான். கதை அப்போது ஜூன் மாதத்தில் இருந்தது.

அடக்கத்துக்குப் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் வந்து என்னிடம் நிறையப் பேசினார்கள். எல்லாம் முடிந்த பிறகு பேசுவதுதானே இவர்கள் வழக்கம். டெல்பர்ட் மட்டும் பேசவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான். அதற்குப் பிறகு அவன் வண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை. தபால் நிலையத்திலும் தேவாலயத்திலும் வாயைத் திறப்பதில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

ஏரியில் பனி உடையத் தொடங்கிய ஒரு சாயங்காலம் வந்தான். கதவைத் தட்டவில்லை, பழையபடி நேராக உள்ளே வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் காப்பி ஊற்றினேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, லோர்ன் உட்காரும் இடத்தைப் பார்த்தபடி இருந்தான். காப்பி ஆறிப்போயிற்று. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளெல்லாம் வாயை மூடு, வாயை மூடு என்று அவனைத் திட்டியவள் நான். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"எங்க விட்டே?" என்று கேட்டேன்.

அவன் கோப்பையை மேசையில் வைத்தான்.

"மழை" என்றான். "ரெண்டாவது இன்னிங்ஸ்ல மழை வந்துச்சு."